நகல் எடுக்காமல் கடலை அனுப்பிய கதை

போன மாதம் எங்கள் பழைய கணினி மையத்தில் புது எந்திரங்கள் வந்திறங்கிய விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி, கையில் ஒரு ரோஜா, தட்டில் இரண்டு பாதுஷா. பேச்செல்லாம் முடிந்த பிறகு, இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மேடம், இந்த மெஷின்ல ஃபைல் அனுப்பும்போது உள்ளுக்குள்ள நகலே எடுக்காது. எல்லாம் தானா நடக்குது. நீங்கல்லாம் அப்ப இதுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! கஷ்டமா? "யாரும்மா சொன்னது கஷ்டம்னு? எங்களுக்கு அது திருவிழாம்மா" என்றேன். நான் போட்ட சத்தத்தில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விவரமாகச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் குழுப்படம் எடுக்க அழைத்துவிட்டார்கள். சொல்ல வந்ததைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் மேகலா. ஊர் காரைக்கால் பக்கத்து விழிதியூர். வீட்டில் நெல் விவசாயம். நான் கணக்குப் படித்து, அப்புறம் கணினி படித்து, ஒரு நேர்முகத் தேர்வில் எனக்குத் தெரியாததையெல்லாம் தெரியாது என்று தைரியமாகச் சொன்னதால் வேலை கிடைத்தவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. குளிரூட்டிய அறையில் சால்வை போர்த்திக்கொண்டு, எந்த விளக்கு பச்சையாக எரிகிறது, எது சிவப்பாக எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா ஊரில், "மவ ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்து வேலை பாக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

காரைக்காலில் இருந்த எங்கள் மையத்தின் வேலை கரையோர மணலைக் கணக்குப் போடுவது. அலை அடித்தால் மணல் எந்தப் பக்கம் நகரும், எந்தக் கரை வளரும், எது தேயும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்போம். இதற்கு ஒரு கணினி போதாது. பல கணினிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி, ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். எங்களுடையது சின்னது. எங்களுக்கு வேண்டிய அலைக் கணக்கை, தூரத்து நகரத்தில் இருந்த ஒரு பெரிய கிளஸ்டர் போட்டு அனுப்பும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடல் எப்படி இருக்கும் என்று ஒரு கோப்பு. ஒவ்வொன்றும் யானை கனம். அது வந்து சேர்ந்தால்தான் எங்கள் மணல் நகரும். மணல் நகர்ந்த கணக்கை நாங்களும் அதே கனத்தில் திருப்பி அனுப்பினால்தான் அவர்கள் அடுத்த அலையைப் போடுவார்கள்.

இது போய் அது வந்து சேர்வதற்குள் எங்களுக்கு வயசாகிவிடும். அதனால் பெரிய இடங்களில் மனுப் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, அதிவேக இணைப்பு ஒன்றை வாங்கினோம். பூசணிக்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்து, ரிப்பன் வெட்டினோம். கம்பியைச் செருகினோம். வேகம் பழையபடியேதான் இருந்தது. இணைப்புக் கொடுத்தவர்களிடம் கேட்டால், "எங்க லைன் காலியா கிடக்குதுங்க, நீங்க அனுப்பினாத்தானே போவும்" என்றார்கள். எங்கள் டிஸ்க்கைச் சோதித்தால் அதுவும் நல்ல வேகம். சாலையும் அகலம், குதிரையும் வேகம், வண்டி மட்டும் நகரவில்லை.

இந்த இடத்தில் லூர்துசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எங்கள் மையத்தின் தலைவர். காரைக்கால்காரர்தான். அவர் தாத்தா பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் இருந்தவராம். அந்தக் குடும்பத்தில் மிச்சமிருந்த பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் மட்டும் அலுவலகம் வரை வந்து சேர்ந்தது. எதைத் தொடங்கினாலும் கையைத் தட்டி "அலோர்!" என்பார். சரி, ஆரம்பிப்போம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டால் நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். ஏனென்றால் உட்கார்ந்து யோசிப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அவருடைய முறையே தனி. ஒரு கோளாறு என்று போனால் திரையைப் பார்க்க மாட்டார். வரைபடம் போட்டுக் காட்டினால் தள்ளி வைத்துவிடுவார். சாக்பீஸை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தரையில் கட்டம் கட்டமாக வரைவார். "இது டிஸ்க். இது சிஸ்டத்தோட மெமரி. இது புரோகிராமோட மெமரி. அந்தக் கதவு இருக்குல்ல, அதான் நெட்வொர்க் கார்டு. நீதாம்மா டேட்டா. நட" என்பார். அறுபது வயதை நெருங்கும் மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நாம் ஒவ்வொரு கட்டத்திலும் கால் வைக்கும்போது, "இப்ப எங்க நிக்கிறே? யாரு உன்னை இங்க கூட்டிட்டு வந்தது? எதுக்கு வந்தே?" என்று போலீஸ்காரர் மாதிரிக் கேட்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள், நாங்கள் பாண்டி விளையாடுகிறோம் என்றே நினைப்பார்கள். அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை.

அன்றைக்கும் அலோர் சொன்னார். நான் தாள்கட்டோடு டிஸ்க் கட்டத்தில் நின்றேன். அவர் ஒரு விதி போட்டார். கையில் இருக்கும் தாளை அடுத்த கட்டத்துக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே போய்ப் புதுத் தாளில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும், பழையதைப் போட்டுவிட வேண்டும். எந்திரம் அப்படித்தான் செய்கிறது. டிஸ்க்கிலிருந்து சிஸ்டத்தின் மெமரிக்கு ஒரு நகல். அங்கிருந்து புரோகிராமின் மெமரிக்கு இன்னொரு நகல். புரோகிராம், 'இதை அனுப்பு' என்று சொன்னதும் திரும்பவும் சிஸ்டத்தின் மெமரிக்கு ஒரு நகல். கடைசியாகக் கதவு. நான் எழுதினேன், எழுதினேன், கை ஓய்ந்துபோக எழுதினேன். கதவருகே லூர்துசாமி சார் வெறுங்கையோடு நின்றுகொண்டு கொட்டாவி விட்டார். கதவு சும்மா இருந்ததன் காரணம் எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

"மேகலா, புரோகிராம் கட்டத்துக்குப் போனியே, அங்க அந்த எண்ணெல்லாம் என்ன பண்ணினே? கூட்டினியா, கழிச்சியா?"

"ஒண்ணும் பண்ணல சார். வாங்கினேன், அப்படியே திருப்பிக் கொடுத்தேன்."

"அப்புறம் எதுக்கும்மா அங்க போனே?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிஜமாகவே எதற்குப் போனேன்? ஒரு காரணமும் இல்லை. ஆதி காலத்தில் யாரோ அந்த வழியாகப் போனார்கள், நாங்களும் போகிறோம். எங்கள் கணினிகளின் மூளை பூராவும் இங்கே இருப்பதை அங்கே எழுதி, அங்கே இருப்பதை இங்கே எழுதி ஓய்ந்துகொண்டிருந்தது. அனுப்புவதற்கு அதற்கு நேரமே இல்லை. அகல இணைப்பை வாங்கி என்ன பிரயோசனம், கதவுக்கு வந்து சேர்ந்தால்தானே!

ஓடிப்போய் நிரலைத் திறந்தேன். 'கோப்பை என்னிடம் கொண்டுவராதே, நீயே நேராகக் கதவில் கொண்டுபோய்க் கொடு' என்று சிஸ்டத்துக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. பல வருடங்களாக இருக்கிறது. நாங்கள்தான் கூப்பிட்டதில்லை. வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு அந்தக் கட்டளையை வைத்தேன். ஓட்டினேன். இணைப்பின் வேகத்தைக் காட்டும் கோடு, இத்தனை நேரம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது, எழுந்து நின்றுவிட்டது! நான் போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டது என்று வாட்ச்மேன் கம்போடு ஓடி வந்தார். எல்லாவற்றையும் விட வேடிக்கை, கணினியின் மூளை எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் முள் கீழே விழுந்துவிட்டது. எந்திரம் செத்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். அது சும்மா இருந்துகொண்டே அவ்வளவையும் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன், கைதட்டினேன். மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலை அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.

இதெல்லாம் முன்கதை. அஞ்சலை வந்த பிறகுதான் உண்மையான சோதனை வந்தது.

அஞ்சலை கோட்டுச்சேரிமேட்டுப் பெண். மீன்பிடிக் குடும்பம். கரையோர மணல் நகர்வைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கிளஸ்டரில் கணக்கு ஓட்ட அனுமதி வாங்கி வந்தவள், வந்த வேகத்திலேயே என் மேசைக்கு எதிர் நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டாள். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். மதியச் சாப்பாட்டில் மீன் குழம்பு கொண்டுவந்தால் பாதி எனக்கு.

அவளுக்கு ஒரு அவசரம் இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து பெரிய படகுகள் தரை தட்டிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்ட ஒரு திட்டம் வந்தது. நம் கரையில் மணல் வருடத்தில் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே நீளமாகக் கல்லைப் போட்டால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை தேயும். வடக்கில் இருப்பது கோட்டுச்சேரிமேடு. அவர்கள் படகை இழுத்துப் போடும் மணல், வலை உலர்த்தும் மணல், கடைசி வரிசை வீடுகள் எல்லாம் அங்கேதான். திட்டத்தை முடிவு செய்யும் குழுவிடம் ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். குழுத் தலைவர், "எல்லாரும் கரை போயிடும்னு சொல்றீங்க, கணக்கு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தில் பின்னால் நின்ற அஞ்சலை கையைத் தூக்கியிருக்கிறாள்.

"தூக்கிட்டேங்க்கா. ஆனா கையில கணக்கு ஒண்ணுங் கெடையாது" என்று என்னிடம் வந்து சொன்னாள். ஒரு வருடத்து அலையை மணிக்கு மணி வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அன்றைக்குக் கணக்கு இல்லையென்றால் நீளமான கல்லுக்கே கையெழுத்தாகிவிடும்.

தூரத்து கிளஸ்டர்காரர்கள் அலைக் கணக்கைப் போட்டுத்தரச் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு வருடத்து அலையைச் சேர்த்துவைக்க அவர்களிடமே இடமில்லை. ஒவ்வொரு மணிக் கணக்கும் முடிய முடிய, டிஸ்க்கில் எழுதாமல், மெமரியிலிருந்தே எங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். வழியில் எங்கேயாவது நகல் எடுத்தால் தாமதம் கூடிக் கூடி வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிடும். "அலோர்!" என்றார் லூர்துசாமி சார். அந்தப் பக்கத்துப் பொறியாளரும் நானும் தொலைபேசியில் பேசிப் பேசி, அவர்களுடைய அலை நிரல் கணக்கை எழுதிவைக்கும் மெமரியிலிருந்து நெட்வொர்க் கார்டே நேராக எடுத்துக்கொள்ளும்படி செய்தோம். நடுவில் ஒரு கை படாது.

அஞ்சலைக்கு இதை விளக்கியபோது, "அட, படகுலேர்ந்து கூடைக்கு, கூடைலேர்ந்து ஐஸ் பொட்டிக்கு, பொட்டிலேர்ந்து லாரிக்குன்னு மாத்தாம, லாரிய கரைக்கே கொண்டாந்து நிறுத்திட்டீங்க" என்றாள். அதேதான்.

அலைகள் கொட்டின! அடுத்தடுத்து மணிகள் வந்து விழ விழ, எங்கள் மணல் கணக்கும் கூடவே ஓடியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் படம் தயார். மணல் தேயும் இடத்தைச் சிவப்பில் காட்டும் படம். கோட்டுச்சேரிமேட்டுக் கரை முழுக்கச் சிவப்பு. பாதி ஊரைக் கடல் தின்றுவிட்டிருந்தது. எங்கள் அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். இதைவிடப் பலமான சாட்சி வேண்டுமா? இந்தப் படத்தைக் கண்டால் எந்தக் குழு கல்லுக்குக் கையெழுத்துப் போடும்?

அஞ்சலை மட்டும் கைதட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இந்தச் செவப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். ஊருக்குக் கொஞ்சம் தெற்கே, கரையிலிருந்து ஆழ்கடல் வரைக்கும், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குத் தெற்கே எல்லாம் சாது. வடக்கே எல்லாம் சிவப்பு.

"கடல்ல ஏதுக்கா நேர்கோடு?"

"அடியில மேடு பள்ளம் ஏதாவது இருக்கும்டி" என்றேன். எனக்கு அந்தப் படத்தை விட மனசில்லை.

"எனக்கும் இந்தப் படந்தாங்க்கா வேணும். எங்க ஊருக்கே வேணும். இதக் காட்டினா ஜெயிச்சிருவோம்" என்றாள். "ஆனா பொய்யின்னா என்ன பண்றது? கல்லே வேண்டான்னு நாங்க தடுத்துட்டா, மொகத்துவாரத்துல தட்டுற படவுல எங்க பெரியப்பா புள்ளைங்களும் போறாங்கல்ல."

கோப்புகளை எல்லாம் சரிபார்த்தோம். அனுப்பும்போது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் போடுவார்கள். வந்து சேர்ந்த பிறகு நாம் கூட்டிப் பார்த்தால் அதே எண் வர வேண்டும். ஒன்றுவிடாமல் பொருந்தின. அளவும் சரி. அந்தப் பக்கத்துப் பொறியாளர், தன் கணக்கில் தவறே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னதும் உண்மைதான். அனுப்பினது சரி, வந்தது சரி, கடல் மட்டும் தப்பு.

லூர்துசாமி சார் சாக்பீஸைத் தேடினார். எல்லாரும் கூடத்துக்குப் போனோம். ஒரு கரும்பலகையை நிறுத்தினார். அதுதான் அந்தப் பக்கத்து மெமரி. "அஞ்சலை, நீதான் அலை புரோகிராம். நாகூர்லேர்ந்து தரங்கம்பாடி வரைக்கும், தெக்கேருந்து வடக்க, நாலு மணி அலையை வரிசையா எழுது. எழுதி முடிச்சதும் 'அனுப்பு'ன்னு எங்கிட்ட சொல்லு. நான் நெட்வொர்க் கார்டு, பலகையைப் பார்த்துப் படிப்பேன். மேகலா, நீ காரைக்கால். நான் சொல்றதை அந்தக் கோடியில உக்காந்து எழுது."

அஞ்சலை எழுதினாள். "அனுப்புங்க சார்" என்றாள். சார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு எண்ணாகப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். அஞ்சலை கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். சார் படிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஏன் சும்மா நிக்கிறே? உனக்கு அடுத்த மணி கணக்கு இல்லையா? 'அனுப்பு'ன்னு சொல்லியாச்சுல்ல, உன் வேலையைப் பாரு."

"வேற பலகை இல்லையே சார்."

"அவங்க மெஷின்லயும் இல்ல. இடம் மிச்சம் பண்றதுக்காக ஒரே எடத்துலதான் எழுதுறாங்கன்னு சொன்னாங்க. அழிச்சிட்டு எழுது."

அஞ்சலை அழிப்பானை எடுத்தாள். மேலிருந்து அழித்து, ஐந்து மணி அலையை மடமடவென்று எழுத ஆரம்பித்தாள். அவள் கை வேகம், சாரின் வாய் மெதுவு. பாதிப் பலகையில் அவள் அவரைத் தாண்டிப் போய்விட்டாள். சார் எதையும் கவனிக்காத கார்டு மாதிரி, கண்ணெதிரே இருந்ததைப் படித்துக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தேன். மேல்பாதியில் நாலு மணிக் கடல். கீழ்ப்பாதியில் ஐந்து மணிக் கடல்!

"சார்!" என்று கத்தினேன். அஞ்சலையும் அதே நேரத்தில் "அய்யய்யோ!" என்று கத்தினாள். அவள் கையில் அழிப்பான், அவர் வாயில் பாதி எண். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் சாரின் கண்ணாடி கீழே விழுந்தது.

ஒரு பக்கம் நாங்கள் நகல் எடுக்காமல் மிச்சம் பிடித்தோம். இன்னொரு பக்கம் அவர்கள் ஒரே இடத்தில் எழுதி மிச்சம் பிடித்தார்கள். இரண்டும் நல்ல பழக்கம். இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக் கடலை ஒரே கடலாக ஒட்டிவிட்டன. ஒட்டிய தழும்புதான் அந்த நேர்கோடு. அங்கே அலை திடீரென்று படியேறுவதால், எங்கள் மணல் கணக்கு அங்கே பெரிய நீரோட்டம் இருப்பதாக நம்பி, ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. சரிபார்ப்பு எண்ணையும் கார்டு படிக்கும்போதுதான் போடுகிறது. கலந்த பிறகு போட்ட எண், கலந்ததோடு பொருந்தத்தானே செய்யும்? முன்பு புரோகிராமிலிருந்து சிஸ்டத்துக்கு ஒரு நகல் எடுத்தோமே, வெட்டி வேலை என்று நாங்கள் விரட்டிய அந்த நகல்தான் இத்தனை நாளும் இது நடக்காமல் காவல் காத்திருக்கிறது. அதை நினைத்தபோது அந்த நகலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"அப்ப திரும்பவும் நகல் எடுக்கணுமா சார்? வெள்ளிக்கிழமை போயிடுமே" என்றாள் அஞ்சலை.

லூர்துசாமி சார் பக்கத்து அறைக்குப் போய் இன்னொரு பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு அது போதும். இரண்டு இடம். ஒன்றைக் கார்டு படிக்கும்போது அலை நிரல் மற்றதில் எழுதட்டும். படித்து முடித்ததும் கார்டு 'ஆச்சு' என்று ஒரு சேதி சொல்லும். அந்தச் சேதி வராமல் பலகையைத் தொடக் கூடாது. எதையும் எங்கேயும் பார்த்து எழுத வேண்டியதில்லை, வேகம் குறையாது, கலக்கவும் கலக்காது. இரண்டு பலகையை வைத்து ஆடிப் பார்த்தோம். சார் "ஆச்சு!" என்று கத்துவார், அஞ்சலை அழிப்பாள். "ஆச்சு!" மறுபடி அழிப்பாள். என் தாளில் நாலு மணி முழுசாக நாலு மணி, ஐந்து மணி முழுசாக ஐந்து மணி. எனக்கு நின்ற இடத்தில் குதிக்கத் தோன்றியது. குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்துப் பொறியாளர் நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது இடத்தை எங்கிருந்தோ பிய்த்துக் கொடுத்தார். புதன்கிழமை காலையில் அலைகள் திரும்பவும் வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை காலையில் குழு கூடுவதற்குள் படம் வந்துவிட்டது. நேர்கோடு போன இடம் தெரியவில்லை. கோட்டுச்சேரிமேட்டுக் கரை தேய்ந்தது நிஜம்தான், ஆனால் முதல் படத்தில் இருந்ததில் ஒரு சின்னப் பங்குதான். சிவப்பு மெல்லிசாக, வளைந்து வளைந்து, கடல் போட்ட கோடு மாதிரியே இருந்தது. இன்னொன்றையும் ஓட்டிப் பார்த்தோம். கல்லைக் குட்டையாக்கி, முகத்துவாரத்தில் சேரும் மணலை அள்ளி வடக்கே கொண்டுபோய்க் கொட்டினால், படகும் தரை தட்டாது, கரையும் நிற்கும். முதல் படத்தை நம்பியிருந்தால் இந்த வழி எங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

குழு அறையில் ஒரு பக்கம் பெரிய படகுக்காரர்கள், ஒரு பக்கம் கோட்டுச்சேரிமேட்டுக்காரர்கள். நடுவில் தலைவர், துறைமுகம் கட்டுவதிலேயே தலை நரைத்தவர். லூர்துசாமி சார் எழுந்து முதலில் அந்தத் தப்பான படத்தைப் போட்டுக் காட்டினார். ஊர்க்காரர்கள் "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று எழுந்துவிட்டார்கள். "உக்காருங்க, இது தப்பு" என்று சொல்லி, தப்பு எப்படி வந்தது, எப்படித் திருத்தினோம் என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம்தான் அஞ்சலையைக் கூப்பிட்டுச் சரியான படத்தைக் காட்டச் சொன்னார்.

அவள் சொல்லி முடித்ததும் தலைவர் கேட்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"கோட்டுச்சேரிமேடுங்க சார்."

"உங்க வீடு?"

"கடைசி வரிசைங்க. கரையிலேர்ந்து பாத்தா மொத வீடு."

"அப்ப அந்த மொத படம் உங்களுக்குத்தானே சாதகம்? இவங்க யாருக்கும் அந்த நேர்கோடு தெரிஞ்சிருக்காதே. எனக்கே தெரியல. அதையே காட்டிட்டுப் போயிருக்கலாமே?"

பின்வரிசையில் அவள் ஊர்க்காரர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுல இருந்தது எங்க கடல் இல்லைங்க சார்" என்றாள் அஞ்சலை.

தலைவர் கடைசிப் படத்தைத் திரும்பப் போடச் சொன்னார். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, குட்டைக் கல்லின் நுனியை விரலால் தொட்டார். பெரிய படகுக்காரர்களைப் பார்த்து, "இவ்வளவு போதுமா உங்களுக்கு?" என்றார். அவர்கள் தங்களுக்குள் பேசி, தரை தட்டாமல் இருந்தால் போதும் என்றார்கள். வடக்கே மணல் கொட்டுவதைத் திட்டத்தோடு சேர்த்தே எழுதச் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்த ஆள் நான். லூர்துசாமி சார் பக்கத்தில் நின்றுகொண்டு, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி வேறெதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை போனை எடுத்து அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கரையில்தான் இருந்தார் போல, போனில் காற்றும் அலையும் இரைந்தன. அவள் குட்டைக் கல், அலைக் கணக்கு, இரண்டு பலகை என்று மூச்சுவிடாமல் என்னென்னவோ சொன்னாள். அந்த மனிதருக்கு அதில் எதுவும் விளங்கியிருக்காது.

"அதெல்லாம் கெடக்கட்டும் புள்ள" என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது. "மணலு எந்தப் பக்கம் வரும்? அத மட்டும் சொல்லு."

"நம்ம பக்கம்ப்பா" என்றாள்.